வைரலாகும் படத்தின் மூலத்தைக் கண்டறிவது எப்படி?

பொய்த் தகவலைச் சுமந்து வரும் படங்கள் எல்லாமே வெட்டி ஒட்டித் தயாரிக்கப்பட்டவை அல்ல; வேறோர் ஊரில், வேறோர் ஆண்டில் உண்மையாகவே எடுக்கப்பட்ட படத்திற்குப் புதிய விளக்கம் எழுதிப் பரப்புவதே பல நேரங்களில் நடக்கிறது. எனவே நிழலையும் விரல்களையும் பெரிதாக்கி ஆராய்வதற்கு முன், படம் முதன்முதலில் எங்கே, எப்போது வெளியானது என்று தேட வேண்டும்.

உடன் வந்த வாசகத்திலிருந்து இடம், தேதி, நிகழ்வு ஆகியவற்றை முதலில் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லாத செய்தியைப் பகிராமல் விட்டுவிடலாம். பிறகு படத்தின் மீதுள்ள எழுத்துகளை வெட்டி நீக்கிவிட்டு, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) பதிவேற்றித் தேடுங்கள். டின்ஐயில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தலாம் என்பது இந்த வேலைக்குப் பேருதவி. எதுவும் கிடைக்காவிட்டால், படத்தை இடவலமாகத் திருப்பி மீண்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வெள்ளம் சூழ்ந்த சாலையில் காரின் பக்கத்திலேயே சுறா நீந்தும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2011-இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவில் எடுக்கப்பட்டதாகப் பரவிய அந்தப் படம், 2017-இல் ஹார்வி புயல் வந்ததும் ஹூஸ்டன் நகரப் படமாகிவிட்டது. இது ஒட்டுவேலைதான், ஆனாலும் அதை அம்பலப்படுத்தியது, தென்னாப்பிரிக்கக் கடலில் புகைப்படக் கலைஞர் தாமஸ் பெஷாக் எடுத்து 2005-இல் வெளியான மூலப்படம். 2022-இல் இயன் புயலின்போது புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில், வெள்ளத்தில் சுறா போன்ற மீன் துள்ளும் காணொளி வந்தபோது, அதே பழைய கதை என்று பலர் ஒதுக்கினர். ஆனால் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், மூலக் கோப்பின் மெட்டாடேட்டாவை (கோப்போடு சேர்ந்து பதிவாகும் விவரங்களை) சோதித்து, அது அங்கேயே எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்தது. எதையுமே நம்ப மறுப்பதும் ஒருவகைச் சோம்பல்தான்.

காணொளியாக இருந்தால், வெவ்வேறு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே முறையில் தேடுங்கள். போர்க் காட்சி என்றால் கூடுதல் கவனம் தேவை: ஆர்மா 3 என்ற வீடியோ கேமின் காட்சிகள் உண்மைப் போராகப் பரவியதால், அதைத் தயாரித்த போஹிமியா இன்டராக்டிவ் நிறுவனமே 2022-இல் விளக்கம் வெளியிட்டது. மங்கலான தரம், நடுங்கும் கேமரா, இருட்டு, ஒலியின்மை ஆகியவை அது சுட்டிக்காட்டிய அடையாளங்கள்.

அறிமுகமில்லாத தளத்தின் செய்தியை மதிப்பிட, அதன் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைப் படித்துப் பயனில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வைன்பர்க், மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று அறிஞர்களும் மாணவர்களும் தளத்தின் தோற்றத்தில் ஏமாற, உண்மை சரிபார்ப்பாளர்களோ உடனே வேறு டேப்களைத் திறந்து, அத்தளத்தைப் பற்றிப் பிறர் எழுதியதைத் தேடினார்கள்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்திற்குப் பழைய மூலம் இருக்காது. கண்டறியும் கருவிகள் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அதே நிகழ்வை வேறு கோணத்தில் வேறு யாரேனும் படம்பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பொய் என்று உறுதியானால், அனுப்பியவருக்குத் தனிச் செய்தியில், மூலப்படத்தின் இணைப்பையும் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் திருத்தினால், பலர் தம் தரப்பையே பிடித்துக்கொண்டு வாதிடத் தொடங்குவார்கள்.