பழைய ஓட்டோ கியர் கார் பார்க்கப் போகிறீர்களா?

'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று விற்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பிரேக்கை மிதித்தபடி டி-யிலிருந்து (முன்னே போவது) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றுங்கள். டொக்கென்று இடித்தாலோ, கொஞ்சம் யோசித்துவிட்டு கியர் விழுந்தாலோ விலை பேசவே வேண்டாம்.

அப்புறம் வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் பின்னேர நெரிசலுக்குள் அரை மணித்தியாலம் ஊர்ந்து பாருங்கள், ஏனென்றால் ஆல்டோ கே10 ஏஜிஎஸ், ஹொண்டா ஃபிட் ஜிபி5 போன்றவற்றில் பெடல் இல்லையே தவிர உள்ளே கிளட்ச் இருக்கிறது, அது தேய்ந்திருந்தால் நின்று நின்று போகும்போதுதான் உதறல் தெரியும். சிவிடி (பல்சக்கர கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்) என்றால் கியர் ஒயில் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். 'அதெல்லாம் மாற்றத் தேவையில்லை' என்பது விற்பவர் கதை.

மீற்றரை நம்ப வேண்டாம். 40,000 கிலோமீற்றர் காட்டும் காரில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சரி, விளங்கிவிடும். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். டயருக்கும் பற்றரிக்கும் கொஞ்சம் காசை ஒதுக்கி வைத்துவிட்டே விலை பேசுங்கள்.