வளவுக்குள் ஒரு காடு: பழைய பாணியில் காட்டுப் படம் எடுப்பது எப்படி

முதலில் ஒன்று: காட்டுக்குப் போகாதீர்கள்.

நாங்கள் போனோம். மாசி மாதம், மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடியிலிருந்து பொடியன்கள் ஆறு பேரும் நானும் இரண்டு மோட்டார் சைக்கிளிலும் ஒரு ஆட்டோவிலுமாக வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய், வயல் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் இறங்கினோம். கமராவைத் தாங்கியில் பூட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன், “மாமா, இது இப்ப போட்டதுதான்” என்றான். யானை லத்தி. ஆவி பறந்துகொண்டிருந்தது. தாங்கியை மடிக்கக்கூட நிற்கவில்லை. கமராவோடு சேர்த்து அப்படியே தூக்கி ஆட்டோவுக்குள் போட்டோம். வீட்டுக்கு வந்து, என் மனைவியின் வாழைகளுக்கு நடுவே விளையாட்டாக எடுத்த ஷொட்தான் கடைசியில் எங்கள் படத்திலேயே நல்ல ஷொட்.

27 வருடமாகக் கலியாண வீடியோ எடுக்கிறேன். பழைய காட்டுப் படங்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்கக் காரணம் பெரியப்பா. அவர் தியேட்டர் ஒன்றில் மெஷின் ஓட்டியவர். படச்சுருள் அறுந்தால் வெட்டி ஒட்டுவார்; மிஞ்சிய துண்டுகளை எனக்குத் தருவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரே முதலை இரண்டு வேறு படங்களின் துண்டில் இருக்கும். அது களவில்லை, தொழில் என்று எனக்கு விளங்கியது பிறகுதான்.

1948இலிருந்து 1955 வரை ஹொலிவூட்டின் கொலம்பியா ஸ்டூடியோவுக்காக, ஜங்கிள் ஜிம் என்ற காட்டு வீரனை வைத்து 16 படங்கள் வந்தன. தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மன். செலவைக் குறைப்பதில் பேர்போனவர். ‘ஜங்கிள் சாம்’ என்றே அவருக்குப் பட்டம். கதாநாயகன் ஜானி வைஸ்முல்லர், ஒலிம்பிக் நீச்சலில் 5 தங்கம் வென்று, 12 படங்களில் டார்சானாக ஆடி, உடம்பு தடித்த பிறகு சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குத் திரும்பியவர். கடைசி மூன்று படங்களில் ஜங்கிள் ஜிம் என்ற பெயரைப் பாவிக்கும் உரிமை கையில் இல்லை. சரி என்று, அந்தப் பாத்திரத்துக்கு ஜானி வைஸ்முல்லர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! டார்சானின் மகனாக நடித்த சின்னப் பையன் ஜானி ஷெஃபீல்ட் வளர்ந்ததும், 1949இலிருந்து பொம்பா என்ற காட்டுப் பையனாக 12 படங்களில் நடித்தார். இந்தக் கூட்டத்துக்கு ஆபிரிக்கா என்பது கலிபோர்னியாவில் ஒரு தோட்டமும் குளமும், சில பண்ணைகளும், ஸ்டூடியோவுக்குள் கொஞ்சம் பூச்சாடியும்தான். அதே 1949இல் ஒரு அமெரிக்கக் கம்பனி நம்முடைய அம்பாறைக் காட்டுக்குள் வந்து இங்கினியாகலையில் கல்லோயா அணையைக் கட்டத் தொடங்கியது. உண்மைக் காட்டுக்கு புல்டோசர் வந்தது, கமரா வரவில்லை. இதை நினைத்து நான் தனியே சிரிப்பதுண்டு.

சரி, வேலைக்கு வருவோம். இங்கே சொல்வது பன்னிரண்டு நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு. கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

மிருகம் முதலில், கதை பிறகு

எல்லாரும் கதையை எழுதிவிட்டு யானையைத் தேடுகிறார்கள். பழைய ஆட்கள் யானையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதையை எழுதினார்கள். முதலாவது பொம்பா படத்தில் வரும் மிருகக் காட்சிகளில் பல 1930இல் வந்த ஒரு ஆபிரிக்கப் பயணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தவை. ஆகவே உங்கள் போனையும் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் முதலில் கிண்டுங்கள். என்னிடம் இருந்தது இவ்வளவு: பொத்துவில் கலியாணத்துக்குப் போனபோது லகுகல குளத்தடியில், வீதியில் வாகனத்துக்குள் இருந்தபடியே எடுத்த யானைக்கூட்டம், நாலு நிமிடம். வாவிக்கரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த முதலை, நாற்பது செக்கன். கோயில் கூரையில் குரங்குகள். இவ்வளவுதான். கதையில் யானை வரும், முதலை வரும், குரங்கு வரும், புலி வராது. புலி வேண்டும் என்று அழுத பொடியனுக்கு நான் சொன்னது: “புலிய நீ கொண்டா மனே, நான் எடுக்கிறன்.” இணையத்தில் கிடக்கும் அடுத்தவர் காட்சியைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நம் கலியாண வீடியோவை ஒருவன் அப்படி எடுத்தால் நாம் விடுவோமா?

யானைக்கூட்டத்தைத் தேடிப்போக வேண்டுமென்றால் வறண்ட மாதங்களில், குளத்தில் தண்ணீர் வற்றிப் புல் தெரியும் நேரம் போகலாம். வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம்.

இனித்தான் நுணுக்கம். எங்கள் யானைகள் இடமிருந்து வலமாக நடக்கின்றன. பின்னேர வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. எங்கள் நாயகன் தாழைப் பற்றைக்குப் பின்னால் ஒளிந்து அவற்றைப் பார்க்க வேண்டும். முதல்முறை அவனையும் வலப்பக்கம் பார்க்க வைத்து, காலை பத்து மணிக்கு எடுத்தேன். ஒட்டிப் பார்த்தால், யானையும் பொடியனும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுபோல இருந்தது. இரண்டாம்முறை பின்னேரம் ஐந்து மணிக்கு, வெயில் அவனுக்கும் இடப்பக்கம் விழ நிறுத்தி, சட்டகத்தின் வலது ஓரத்தில் வைத்து இடப்பக்கம் பார்க்கச் சொன்னேன். பார்வை சரியாக விழ வேண்டுமென்று மதிலில் ஒரு தேங்காயை வைத்தேன். “அதுதான் யானை. அது அசையும், நீ அசையாதே.” இப்போது பார்ப்பவர்களுக்கு யானைக்கும் அவனுக்கும் இடையில் பத்து முழம்தான், உண்மையில் நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட.

உடுப்பையும் இதே கணக்கில் யோசியுங்கள். 1955இல் ரிபப்ளிக் ஸ்டூடியோ ஒரு காட்டுத் தொடர்படம் எடுத்தபோது, 1941இல் தாங்களே எடுத்த இன்னொரு தொடரின் துண்டுகளைப் பாவிக்க நினைத்தது. அதற்காகப் புதிய கதாநாயகிக்கு 14 வருடத்துக்கு முந்தியவரின் உடுப்பைப் போலவே தைத்துப் போட்டார்கள். தூரத்தில் கொடியில் தொங்குபவர் பழைய நடிகைக்கு நின்ற டூப். கிட்டே மூச்சு வாங்குபவர் புதிய நடிகை. பொடியன்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: ஒவ்வொருவருக்கும் ஒரே சட்டை, படம் முடியும்வரை. ஒருவன் இடையில் தலைமயிரை வெட்டிவிட்டு வந்தான். மிச்சப் படம் முழுக்கத் தொப்பியோடு நடித்தான்.

வளவைக் காடாக்குதல்

நாலு வாழை, ஒரு தாழைப்பற்றை, வேலியோரக் கொடி, ஆறு சாடி. இவ்வளவுதான் எங்கள் காடு. கமராவுக்கு ஒரு முழம் முன்னால் ஒருவன் இலைக்கொப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கிட்டே மங்கலாக ஒரு இலை, நடுவில் ஆள், பின்னால் இருட்டாக மரம். மூன்று அடுக்கும் இருந்தால் ஐந்து பேர்ச் வளவும் அடர்காடுதான். ஆள் நடந்து போனதும் சாடிகளைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்து, கமராவையும் திருப்பி, அவனை மறுபடி நடக்க விடுங்கள். எங்கள் ஆட்கள் ஒரே வாழையை ஏழு தரம் சுற்றினார்கள். படத்தில் அது மூன்று நாள் பயணம். தண்ணீர்த்தாங்கி, மின்கம்பி, அயல்வீட்டு டிஷ் தெரிகிறதா என்று பார்க்க ஒருவனைத் தனியாக வையுங்கள். எங்களுக்கு அப்படி ஆள் இருந்தும் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி தப்பி உள்ளே வந்துவிட்டது.

கறுப்பு வெள்ளையில் பச்சை இலையும் மாநிறத் தோலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். ஆள் இலையோடு இலையாகக் கரைந்துபோவான். இதற்கு இரண்டு மருந்து: வெயில் ஆளின் முதுகுப்பக்கம் விழும்படி நிறுத்துவது, கைக்கும் தோளுக்கும் தேங்காய் எண்ணெய் பூசுவது. தோளில் வெளிச்சம் கோடாக விழும்போது ஆள் பிரிந்து தெரிவான்.

இரவுக் காட்சியைப் பகலில்தான் எடுக்க வேண்டும். பழைய கமராக்காரர்கள் லென்ஸுக்கு முன் சிவப்பு வடிகட்டி போடுவார்கள்; நீல வானம் கறுத்துவிடும். போனில் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து எடுங்கள், வானத்தைச் சட்டகத்துக்குள் விடாதீர்கள், நிழல் நீளமாக விழும் நேரம் பாருங்கள். எடிட் பண்ணும்போது நீலத்தை இறக்கிவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினால், வெயில் நிலவாகிவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வேலையை வைக்க வேண்டாம். வாழை இலை கிழிந்து தொங்கும், குரலும் பதியாது. மாரி மழை விட்ட கையோடு மாசி, பங்குனிதான் வாசி: நிலம் காய்ந்திருக்கும், செடி பச்சையாக இருக்கும்.

குரங்கு மனிதன்

காட்டுப் படத்தில் ஒரு கொரில்லா வேண்டும். அந்தக் காலத்தில் சொந்தமாகக் கொரில்லாச் சட்டை வைத்திருந்தவர்களுக்கு அதுவே பிழைப்பு. ரே கொரிகன் என்ற நடிகர் அப்படி ஒருவர். படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட ஒரு பண்ணையும் வைத்திருந்தார்.

எங்கள் சட்டையைத் தும்பில் செய்தோம். பழைய கறுத்த முழுக்கைப் பெனியன், ஒரு காற்சட்டை, மூன்று கிலோ தும்பு. தும்பைச் சிறு பிடியாக எடுத்து நுனியில் கட்டி, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். மேல்வரிசை கீழ்வரிசையின் தையலை மூட வேண்டும். கிடுகு வேய்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அது தெரியாமல் மேலிருந்து தொடங்கி, ஒரு கை முழுக்கத் தைத்து, பிரித்தேன். என் மாமியார் திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, “கூர மேயத் தெரியாதவன் குரங்கு மேயுறான்” என்றா. மிச்சத்தை அவவே தைத்தா.

முகத்துக்குப் பத்திரிகைத் தாளும் பசையும். முகமூடி எவ்வளவு நன்றாக வந்தாலும் முழுதாகக் காட்டாதீர்கள்: ஒரு தோள், இலைக்குள் ஒரு கை, முதுகு. உள்ளே இருப்பவனைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுங்கள். அடியில் பருத்திச் சட்டை போடாவிட்டால் கடி தாங்காது. எங்கள் கொரில்லா இரண்டு நாள் சொறிந்தான்.

முதலைச் சண்டைக்கு வாழைக்குற்றி போதும். வாவியில் இறங்க வேண்டாம், ஏன் என்று வாவிக்குக் கிழக்கே எங்கள் எழுவான்கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தொட்டித் தண்ணீரில் ஆற்றுவாழையைப் பரப்பி மேலிருந்து எடுத்தோம்.

காட்டில் யார் இருப்பது

அந்தப் படங்களில் எனக்கு இப்போது பார்க்க முடியாத பகுதி ஒன்று உண்டு. மேளம் அடித்து, ஈட்டியைக் குலுக்கி, வெள்ளைக்காரனைக் கட்டிவைக்கும் காட்டுவாசிகள். நானும் அப்படி ஒரு காட்சியை எழுதி வைத்திருந்தேன். வாகரைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் வாசித்துவிட்டுச் சொன்னான்: “எங்கட அம்மம்மாவையும் வேடர் எண்டுதான் சொல்லுவாங்க மாமா. அவ ஈட்டி ஒண்டும் வெச்சிருக்கல்ல, கருவாடு விக்கிறவ.” அந்தத் தாளைக் கிழித்தேன். பதிலுக்கு வில்லனாகப் புதையல் தோண்ட வந்தவன் ஒருவனைப் போட்டோம். பழைய படங்களிலும் வில்லன் வருவது புதையலுக்குத்தான். நம் நாட்டிலோ அது பொலிஸ் வழக்கு, எல்லாருக்கும் உடனே விளங்கியது.

எங்கள் கதையில் வரும் புதைந்த நகரத்தின் ராஜாவுக்கு, வடமோடிக் கூத்தில் ராஜா போடும் கரப்புடுப்பை இரவல் கேட்டோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தந்தார். ஒரே நிபந்தனை, கிரீடத்தை நிலத்தில் வைக்கக்கூடாது. அதனால் ராஜா செத்து விழும் காட்சியில், கிரீடத்தைப் பிடிக்க ஒரு மந்திரியைச் சேர்த்தோம். அந்த மந்திரிதான் ஊரில் இப்போது பிரபலம்.

காட்டுப் படம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1941இலேயே இலங்கையில் பிறந்த தவமணிதேவி தமிழ்ப் படமொன்றில் காட்டுப் பெண்ணாக வந்து கலக்கினார். 1952இல் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டாக எடுத்த ‘காடு’ படத்தில், யானைகளுக்கு உரோமப் போர்வை போர்த்து ஆதிகால யானை என்று காட்டினார்கள். இயக்கிய வில்லியம் பேர்க், முதலாவது ஜங்கிள் ஜிம்மை இயக்கியவர்.

சத்தத்தைத் தனியாகப் பிடியுங்கள். ஹொலிவூட் காட்டில் கெக்கலித்துச் சிரிக்கும் அந்தப் பறவை அவுஸ்திரேலியாவின் கூக்கபரா. ஆபிரிக்காவில் அதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் விடிய ஐந்தரைக்குப் போனைக் காலுறைக்குள் போட்டு வயல் வரம்பில் வைத்தோம். ஆட்காட்டியும் செண்பகமும் கிடைத்தன. எங்கள் வாவியின் பாடும் மீனைப் போடச் சொல்லி நாலு பேர் கேட்டார்கள். அதை விடுங்கள், பாவம்.

மொத்தச் செலவு 7,400 ரூபாய். அதில் பாதி சாப்பாடு, மிச்சம் தும்பு, பெற்றோல், தேசிக்காய். எடிட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், பொடியன்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சட்டகம் மட்டும் பழைய ரிவிபோல நாலுக்கு மூன்றாக இருக்கட்டும். வளவின் இரு ஓரமும் தானாக வெட்டுப்படும்.

போட்டுக் காட்டுவதற்கு ஒரு வெள்ளைப் போர்வை எடுத்து, கீழ் விளிம்பில் கல் கட்டித் தொங்கவிடுங்கள். கொஞ்சம் நனைத்தால் சுருக்கம் போகும். முன்னால் இடம் இல்லாமல் பாதிச் சனம் பின்பக்கம் போய் இருக்கும். அவர்களுக்கு யானை வலமிருந்து இடமாக நடக்கும், அதைப் பற்றி யாரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். ஆனால் எழுத்து மாறித் தெரியும். ஆகவே நடித்தவர்களின் பெயர்களை ஒருவன் எழும்பி நின்று சத்தமாக வாசிக்கட்டும், தும்பு தைத்தவரின் பெயரையும் சேர்த்து.