நோம்பியும் நோன்பும்: பல மதப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கம் எந்தப் பண்டிகையானாலும் நோம்பிதான். பொங்கல் நோம்பி, தீபாவளி நோம்பி, மாரியம்மன் நோம்பி. ஒரு ரமலான் மாதத்தில் என் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்க வீட்ல எல்லாரும் நோன்புங்க டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: "அப்ப என்ன பலகாரம்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டேன். நோன்பு, நோம்பி இரண்டும் ஒரே சொல்தான். அது ஒரு வீட்டில் விருந்தாகவும் இன்னொரு வீட்டில் பட்டினியாகவும் இருக்கிறது. அதை வைத்தே ஒரு முழு வகுப்பு நடத்தியிருக்கலாம். கையில் வந்ததை விட்டுவிட்டேன். சொன்னவன் அப்புறம் அந்த மாதம் முழுக்க வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தொடக்கப் பள்ளியில் மதம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, தனிப் பாடமாக அல்ல. கிறிஸ்தவப் பள்ளிகள் சிலவற்றில் மட்டும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று மணி அடித்ததும் பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் தமிழ்ப் பாட்டிலும், சமூக அறிவியலிலும், பண்டிகை லீவுக்கு முதல் நாள் பேச்சிலும் அது நுழைந்துவிடும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவுப்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கக் கூடாது. அதற்காக மதப் பேச்சே எடுக்கக் கூடாது என்று பயப்படவும் வேண்டாம். மதங்களைப் பற்றிப் படிப்பது மதபோதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

இந்த எல்லைக்கோட்டை நாம் தாண்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லில்: 'நாம்'. "தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போகிறோம்" என்று டீச்சர் சொன்னால், அந்த 'நாம்' யார்? தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. பிள்ளை எழுந்து "நாங்க பழனிக்கு நடந்து போனோம்" என்று சொல்லலாம், அது அவன் வீட்டுக் கதை. டீச்சர் சொல்ல வேண்டியது, "முருக பக்தர்கள் போகிறார்கள்". கிறிஸ்துமஸ், பக்ரீத் பாடங்களில் யாரும் சொல்லித் தராமலே நமக்கு 'அவர்கள்' வந்துவிடுகிறது, பெரும்பான்மையின் பண்டிகைக்கு மட்டும் 'நாம்' ஒட்டிக்கொள்கிறது. பாடக் குறிப்பில் இந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுப் பார்த்தால் தெரியும். நான் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த தவறைக் கொங்கில் பலர் தவறு என்றே நினைப்பதில்லை. "உங்க குலதெய்வம் எது, சொல்லு பார்க்கலாம்" என்று வரிசையாகக் கேட்பது. கேட்கிறவருக்கு அது சாமி பற்றிய கேள்வி. ஆனால் இங்கே குலதெய்வக் கோயிலின் பெயரைச் சொன்னாலே எந்தச் சாதி, அதற்குள் எந்தக் கூட்டம் (குலப் பிரிவு) என்று தெரிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளையின் வாயால் சாதியை வாங்கி நாற்பது பேர் முன்னால் வைத்த மாதிரிதான். மாரியம்மன் நோம்பிப் பாடத்திலும் இது உண்டு. நோம்பியைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு, கம்பம் நடுவது, கம்பத்தைச் சுற்றி ஆடுவது, குண்டத்தில் தீ மிதிப்பது எல்லாம் சொல்ல நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நோம்பி சாட்டியதும் வீட்டு வீட்டுக்குக் கோயில் வரி வாங்குவார்கள், சில சாதி வீடுகளில் மட்டும் வாங்காமல் ஒதுக்கும் ஊர்களும் உண்டு. "ஊரே கூடிக் கொண்டாடுகிறது" என்று நாம் சொல்லும்போது, கடைசிப் பெஞ்சில் ஒரு பிள்ளை தன் அம்மா கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டதை நினைத்துக்கொண்டிருக்கலாம். வழக்கத்தைச் சொல்லுங்கள், 'ஊரே' என்பதை விட்டுவிடுங்கள். கருப்பராயனுக்குக் கிடா வெட்டுவதை மூடநம்பிக்கை என்று போகிற போக்கில் தட்டிவிடுவதும் அதே வகைதான். புத்தகத்தில் இல்லாத சாமி என்பதற்காக அந்த வீட்டுச் சாமி சின்னதாகிவிடாது.

பாத்திமாவை எழுப்பி "உங்க மதத்துல என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறோமே, அதுவும் வேண்டாம். அவளுக்கு அவள் வீடு தெரியும், இஸ்லாம் முழுவதும் தெரியாது. தர்காவுக்குப் போகும் வீடும் இருக்கிறது, போகாத வீடும் இருக்கிறது. ஆர்.சி. வீட்டில் மாதா படம் இருக்கும், பெந்தெகொஸ்தே வீட்டில் இருக்காது. பெரியார் பிறந்த ஈரோட்டில் சாமியே கும்பிடாத வீடும் உண்டு, அந்தப் பிள்ளையும் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

"எல்லா மதமும் ஒண்ணுதான் சொல்லுது" என்று முடித்துவிடுவது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது. ஒன்றுதான் என்றால் அவன் ஏன் சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தை வாங்கவில்லை என்று கேட்பார்கள். வேறுபாடு உண்டு, வாங்காமல் இருப்பது அவன் விருப்பம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்று நேராகச் சொல்லிவிடலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வெளியே கூட்டிப்போவதென்றால் முதலில் பெற்றோர் கையெழுத்து. பழனிக் கோயிலில் இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று அறிவிப்பு வைக்கும்படி 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அது தெரியாமல் மொத்த வகுப்பையும் கூட்டிப்போய்க் கொடிமரத்தடியில் இரண்டு பேரைத் தனியாக நிறுத்தினால், அந்த ஒரு நாளைத்தான் அவர்கள் ஆயுசுக்கும் நினைவில் வைத்திருப்பார்கள். பெருந்துறைக்குப் பக்கத்தில் விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் சமணர்தான். பக்கத்துச் சீனாபுரத்தை அவர் ஊர் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நன்னூல் சூத்திரத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி வந்த டீச்சர்களே இதைக் கேட்டு "அப்படியா?" என்றிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் கூட்டிப்போக இப்படிப்பட்ட இடம் சௌகரியம்.

மாறுவேடப் போட்டிக்குத் தொழுகையையோ திருவிருந்தையோ நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். குர்ஆனையோ பைபிளையோ காட்ட எடுத்துவந்தால் தரையில் வைக்காதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு கேள்வி வரும்: "டீச்சர், எந்தச் சாமி நெசம்?" எந்தப் பதில் சொன்னாலும் அது சாயங்காலம் நாற்பது வீட்டுக்குப் போய்விடும். "இதை வீட்ல அப்பா அம்மாகிட்டக் கேளு. யாரு யாரு எப்படிக் கும்பிடறாங்கன்னு மட்டும் நான் சொல்லித் தரேன்" என்பேன். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். போன வருடம் ஒருத்தி விடவில்லை. "சரிங்க டீச்சர், நீங்க எப்படிக் கும்பிடறீங்க?" என்றாள்.