சுண்டெலியின் தொடை நாடியில் மீள்குறுகலை ஆராயும் முறை

இதயநாடி அடைப்புக்குப் பலூன் சிகிச்சை செய்வது கொழும்பில் இன்று வழமையாகிவிட்டது. ஆயினும் விரித்த நாடி சில மாதங்களில் மறுபடியும் ஒடுங்குவது ஏன் என்ற கேள்வி, கின்சி வீதி மருத்துவ பீடத்தில் ஆய்வைத் தொடங்கும் மாணவர் முன்னாலும் வந்து நிற்கிறது. பலூன் நாடியின் அகவணியை, அதாவது உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய கலப்படையை, உரித்துவிடுவதால், நடுப்படையின் மழமழப்பான தசைக்கலங்கள் உள்நோக்கி நகர்ந்து பெருகிப் புதிய உட்படையொன்றை உருவாக்குகின்றன.

முதலில், இந்த நிலையைச் சுண்டெலியில் உருவாக்கும் மாதிரியைத் தெரிவு செய்யுங்கள். கழுத்து நாடியை அதன் கிளைப்பிரிவுக்கு அருகில் நூலால் கட்டிவிடுவது எளிது. ஆனால் அங்கே குருதியோட்டம் தடைப்படுவதே உட்படை தடிக்கக் காரணமாகிறது, அகவணி உரிக்கப்படுவதில்லை. பலூன் காயத்தை ஒத்த காயம் வேண்டுமெனில், கடினமானாலும் தொடை நாடியில் கம்பி செலுத்தும் முறையையே பரிந்துரைப்பேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சுண்டெலியையும் வாங்காதீர்கள்.

பின்னர், ஒரே இனமும் பாலும் வயதும் கொண்ட சுண்டெலிகளுக்கு மயக்கமருந்தும் வலிநிவாரணியும் கொடுத்து, உடலை வெப்பமூட்டும் தட்டில் வைத்திருங்கள். கொழும்பு வெக்கையில் இது எதற்கு என்று எண்ண வேண்டாம். குளிரூட்டிய அறையில் மயங்கிக் கிடக்கும் சுண்டெலி உடற்சூட்டை விரைவாக இழந்துவிடும். நுணுக்குக்காட்டியின் கீழ் தொடை நாடியின் தசைக்கிளையொன்றைத் திறந்து, 0.38 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியை உடலை நோக்கிச் செலுத்தி 1 நிமிடம் விட்டு வெளியே எடுங்கள். கிளையைக் கட்டியபின் பிரதான நாடியில் ஓட்டம் மீண்டதா என்று பாருங்கள். மறுகாலில் கம்பி செலுத்தாமல் அதே சத்திரசிகிச்சையைச் செய்தால், அது ஒப்பீட்டுக்கு உதவும். சில விலங்குகளில் இவான்ஸ் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்தால், அகவணி உரிந்த பகுதி மட்டும் நீலமாகும்.

4 வாரங்களின் பின் நாடியைப் பதப்படுத்தி, குறுக்குவெட்டுகளை எடுத்து, நடுப்படையின் உள், வெளி எல்லைகளாக அமைந்த மீள்தன்மைத் தகடுகள் தெரியும்படி சாயமிடுங்கள். தொடக்கநிலையாளர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். உள் மீள்தன்மைத் தகட்டுக்குள் அடங்கும் பரப்பிலிருந்து குருதி ஓடும் வெளியின் பரப்பைக் கழித்தால் புதிய உட்படையின் பரப்பு கிடைக்கும்; வெளித் தகட்டுக்குள் அடங்கும் பரப்பிலிருந்து உள் தகட்டுக்குள் அடங்கும் பரப்பைக் கழித்தால் நடுப்படையின் பரப்பு கிடைக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்த விகிதத்தையே ஒப்பிட வேண்டும். தடிப்பு நாடியின் நீளத்தில் இடத்துக்கிடம் மாறுவதால், தடித்த இடத்தை மட்டும் தெரிந்தெடுக்காமல், எல்லா விலங்குகளிலும் ஒரே தூர இடைவெளியில் பல வெட்டுகளை அளவிடுங்கள். அளப்பவருக்கு எந்த வெட்டு எந்தக் குழுவுக்குரியது என்பது தெரியக்கூடாது.

சாதாரண சுண்டெலியின் நாடியில் கொழுப்புப் படிவு இல்லை. படிவுள்ள நாடியில் ஏற்படும் காயத்தை ஆராய வேண்டுமெனில், குருதியிலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் அப்போ-ஈ புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்து இதே படிகளைப் பின்பற்றலாம்.