டின் காய்கறியா, வெந்த பயறா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் என்னிடம் உணவியல் பயிற்சிக்கு வரும் மாணவிகளின் உணவுக் கணக்குத் தாள்களைத் திருத்தும்போதெல்லாம், நான் செய்த தவறுகளோடு என் பழைய நோட்டையே புரட்டுவது போல இருக்கிறது. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் பட்டாணி, சோளம், பீன்ஸ் டின்களும் வந்து இறங்குகின்றன. "இது நல்லதா, நம்ம சிறுபயறு நல்லதா?" என்று வீடுகளில் கேட்கிறார்கள். உப்பிய டின்னைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உலர்ந்த பயறின் புரதக் கணக்கை வெந்த பயறுக்குப் போடுவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் சிறுபயறுக்கு நேரே, 100 கிராமுக்கு 22 கிராம் சொச்சம் புரதம் என்று இருக்கும். அது கடையில் அளந்து வாங்கும் உலர்ந்த பயறு. வடித்த டின் பட்டாணியில் 4 கிராம் சொச்சம். உடனே "பயறில் ஐந்து மடங்கு" என்று எழுதிவிடுகிறார்கள். பயறு ஊறி வெந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை ஆகிறது. கூடியது தண்ணீர். வெந்த பயறு 100 கிராமில் புரதம் சுமார் 7 கிராம்தான்.

பல வருடங்களுக்கு முன், நடை தளர்ந்துபோன ஒரு பாட்டியைத் தக்கலைப் பக்கத்திலிருந்து மருமகள் அழைத்து வந்தார். பாட்டிக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. இரவுக் கஞ்சியோடு வேகவைத்த சிறுபயறு 100 கிராம், அதிலேயே 22 கிராம் புரதம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் தராசு வாங்கி, குக்கரிலிருந்து எடுத்த பயறை வாழையிலைத் துண்டில் வைத்து தினமும் நிறுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது பாட்டியின் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடையில்லாமல் ஏறியது. "நீங்க சொன்ன அளவுதான் மேடம், மாமிக்கு ஒருநாளும் கொறச்சு குடுத்ததில்ல" என்றார். அவர் நிறுத்தது சரி. நான் எழுதிய எண் தப்பு. பயறை இரண்டு வேளையாகக் கூட்டி, முட்டையும் சேர்த்த பிறகுதான் பாட்டி தேறினார்.

அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "உலர்" அல்லது "வெந்தது" என்று எழுதாத தாளை நான் வாங்குவதில்லை. இரண்டையும் வெந்த நிலையில் வைத்துப் பாருங்கள்: கொண்டைக்கடலை 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சிறுபயறு 7, டின் பட்டாணி 4 சொச்சம், டின்னில் வரும் பச்சை பீன்ஸ் 1. டின் பட்டாணியை விடச் சிறுபயறுதான் முந்துகிறது, ஆனால் ஐந்து மடங்கு இல்லை.

டின்னின் மொத்த எடையைக் கணக்கில் எடுப்பது

தண்ணீரை வடித்துவிட்டு நிறுங்கள்.

சோடியத்தை உப்பு என்று படிப்பது

லேபிளில் இருப்பது சோடியம். அதை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு. டின் காய்களில் 100 கிராமுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் சோடியம் சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 2000. வடித்து, நல்ல தண்ணீரில் அலசினால் அதில் கணிசமான பங்கு போய்விடும். உப்பில்லாமல் வேகவைத்த பயறில் சோடியம் மிகக் குறைவு. ஆனால் அதே பயறில் உப்பிட்டு, அப்பளமும் ஊறுகாயும் தொட்டுக் கஞ்சி குடித்தால் அந்த லாபம் தட்டிலேயே கரைந்துவிடும். இதை ரத்த அழுத்தக்காரர்களிடம் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

டின் பட்டாணியை வெறும் காய் என்று எண்ணுவது

பட்டாணியும் பயறு இனம். டின் கொண்டைக்கடலையும் வெந்த கடலைதான்.

டின்னில் சத்தே இல்லை என்று சொல்வது

டின்னில் அடைக்கும்போது சூட்டில் வைட்டமின் சி-யும் பி1-உம் குறைகின்றன. புரதமும் நார்ச்சத்தும் பெரிதாகப் போவதில்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் என்ற சத்தோ, சூடேற்றினால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். வைட்டமின் சி-க்காக டின்னைக் குறை சொல்கிறவர்கள், வெந்த பயறிலும் அது மிகக் குறைவு என்பதை மறந்துவிடுகிறார்கள். பயறுத் துவரனை (தேங்காய் போட்ட பொரியலை) இறக்கி வைத்து எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு தேயிலை குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரமாவது போகட்டும்.