தக்காளித் தோலும் சதையும்: புரதம் பிரித்துப் பார்க்கும் முறை

கிணத்துக்கடவுத் தோட்டத்தில் பூ விரிந்த அன்றே காம்பில் நூல் கட்டித் தேதி குறித்துவிடுங்கள். காயின் வயது தெரியாமல் அதன் பகுதிகளின் புரதங்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

பறித்ததும் தோல், சதை, விதையைச் சுற்றிய கூழ், விதை எனத் தனித்தனியாகப் பிரியுங்கள். கூழில் ஒரு விதைகூடத் தங்கக் கூடாது. விதையின் சேமிப்புப் புரதங்கள் கலந்தால் எல்லாம் குழம்பிவிடும். நான் கண்டிப்பாக இருப்பது இதில்தான். பிரித்த கையோடு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டுப் பொடியாக்குங்கள்.

பொதுவான ஒப்பீட்டுக்கு, பீனால் என்ற கரைப்பானில் புரதத்தை எடுக்கும் முறை போதும். சர்க்கரையும், செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளும் விலகிவிடும்.

பழுத்த சதையில் பெக்டினை உடைக்கும் பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதிக்கு மட்டும் பீனால் ஆகாது. அது தனித்தும் இருக்கும், பீட்டா துணையலகு என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்தும் இருக்கும். பீனால் அந்தச் சேர்க்கையைக் குலைத்துவிடும். அப்புறம் எதை ஒப்பிடுவது? குளிர்ந்த அடர் உப்புக் கரைசலில் எடுத்து, புரதச் சேர்க்கையைக் குலைக்கும் எஸ்டிஎஸ் என்ற வேதிப்பொருள் சேர்க்காத ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டுங்கள்.