குதிரை இழுக்குதா? கடிவாளத்தை மாற்றும் முன்னால் வாயைப் பாருங்கள்

அழகர்கோயில் சாலையில் விடியற்காலை நானும், நீண்டதூர ஓட்டத்துக்குப் பழக்கும் என் நாலு வயசு மார்வாரிக் கலப்புக் குதிரையும் போட்ட கூத்தைப் பார்த்த டீக்கடைக்காரர் இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார். தலையை உதறும், நாக்கை வெளியே தொங்கப் போடும், இடது லகானைத் தொட்டாலே வாயைப் பிளந்துகொண்டு வலது பக்கம் ஓடும். கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கடிவாளம் பத்தலண்ணே, கெட்டியா ஒண்ணு போடுங்க." கடிவாளம் என்று நான் இங்கே சொல்வது வாய்க்குள் போகும் துண்டை மட்டும்தான். போட்டேன். உதறல் கூடியதுதான் மிச்சம். இரண்டு மாதம் கழித்து கால்நடை மருத்துவர் விரலை உள்ளே விட்டு, மேல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு குட்டிப் பல் நிற்பதைக் காட்டினார். ஓநாய்ப் பல் என்பார்கள். ஒவ்வொரு தடவை லகானை இழுத்தபோதும் கன்னத்துச் சதையை அதன்மேல் வைத்து நசுக்கியிருக்கிறேன்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. அந்தியூர்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய குதிரையைப் பார்க்கலாம், பார்த்தே ஆகணும். அதிலும் இளங்குதிரை என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை அதன் வாய்க்குள் பால்பல் விழுவதும் புதுப்பல் வருவதுமாகவே இருக்கும். ஆண் குதிரைக்கு நாலு, ஐந்து வயதில் கோரைப் பல் வேறு, கடிவாளம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே முளைக்கும். கடிவாளம் உட்காரும் அந்தப் பல்லில்லாத இடைவெளியில் எலும்புக்கு மேல் இருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. போன மாதம் நன்றாகப் போன குதிரை இந்த மாதம் முரண்டு பிடித்தால் திமிர் என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, பல் சுத்தம் என்றாகிவிட்டது. அடுத்து எல்லோரும் செய்யும் தப்பு, தடியான கடிவாளம்தான் மென்மையானது என்று நம்புவது. அழுத்தம் பரவும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அரபு, மார்வாரி, கத்தியவாரி மாதிரி சின்ன முகக் குதிரைகளுக்கு வாய்க்குள் இடமே கம்மி, நாக்கே பாதி இடத்தை அடைத்திருக்கும். அதில் கட்டைவிரல் தடிமனில் ஒன்றைத் திணித்தால் வாயை மூட முடியாமல் எந்நேரமும் மென்றுகொண்டே இருக்கும். பெரும்பாலான இளங்குதிரைகளுக்கு 14 முதல் 16 மில்லிமீட்டர் போதும்.

நடுவில் ஒரே ஒரு மூட்டு உள்ள சாதா ஸ்நாஃபிளைத்தான், அதாவது லகான் நேராகப் பக்க வளையத்தில் மாட்டும் கடிவாளத்தைத்தான், கடையில் முதலில் நீட்டுவார்கள். இரண்டு லகானையும் சேர்த்து இழுத்துப் பாருங்கள், அப்படியே பாக்குவெட்டி மாதிரி மடங்கும். நாக்கும் கீழ்த்தாடையும் நடுவில் மாட்டும், அண்ணம் தாழ்ந்த குதிரைக்கு மூட்டு மேலேயும் குத்தும். இரண்டு மூட்டு வைத்து, நடுவில் புளியங்கொட்டை போல வழவழப்பான துண்டு இருப்பது எனக்குத் தெரிந்து நல்ல தொடக்கம். அந்தத் துண்டு உருண்டையாக இருக்கிறதா, இல்லை தகடாக இருந்து அதன் விளிம்பு நாக்கில் பதிகிறதா என்று வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் நீண்ட கம்பி உள்ள வகை திருப்பக் கற்றுக்கொடுக்க உதவும், ஆனால் நம் கண்மாய்க்கரைச் சீமைக் கருவேல முள்ளில் அது மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அளவுக்கு ஒரு சணல் போதும். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்வரை வாய் வழியே விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பக்க வளையம் சுழலும் வகை என்றால் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூட்டுங்கள். "அஞ்சு இஞ்ச் எல்லாக் குதிரைக்கும் சேரும்" என்பது கடைக்காரர் சரக்கைத் தள்ளும் பேச்சு. நீளம் கூடினால் கடிவாளம் இங்குமங்கும் வழுக்கி ஒரு பக்கக் கடைவாயை அறுத்துவிடும். உதட்டில் இரண்டு சுருக்கம் விழணும் என்ற பழைய கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். கடைவாயைத் தொட்டபடி, மிஞ்சிப்போனால் ஒரு சுருக்கத்தோடு ஆரம்பித்து, குதிரை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இதெல்லாம் நீண்டதூர ஓட்டத்தில் ஏன் பெரிசாகிறது? மைதானத்தில் அரைமணி நேரம் பொறுத்துக்கொள்ளும் உறுத்தல், மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்க்கரையில் 40 கிலோமீட்டர் போனால் புண். சர்வதேசப் போட்டிகள் 160 கிலோமீட்டர்வரை போகும். நடுநடுவே மருத்துவர்கள் நிறுத்தி நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், வாயில் காயம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதோடு வழியில் குதிரை தண்ணீர் குடிக்கணும். நம்ம ஊர் வெயிலில் அது குடிக்காமல் நின்றால் மற்ற எல்லாம் வீண். ஆகவே புதுக் கடிவாளத்தைப் போட்டதும் முதல் சோதனை ஓட்டத்தில் வேண்டாம், தொட்டியில். போட்டபடியே குடிக்கிறதா, புல் மெல்லுகிறதா பாருங்கள். மூக்குப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தால் எந்தக் கடிவாளமும் பயன்படாது; மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போகணும்.

கிளம்பிய முதல் பத்து கிலோமீட்டரில் கூட்டத்தைப் பார்த்து எந்த இளங்குதிரையும் இழுக்கும். அதற்குப் பயந்து நெம்புகோல் மாதிரி நீண்ட கை உள்ள கடிவாளத்துக்குத் தாவாதீர்கள். கையில் கொஞ்சமாக இழுப்பது வாயில் பல மடங்காக இறங்கும். கூட்டத்தில் பின்னால் நிறுத்தியும் தனியாக ஓட்டியும் நாலு வாரம் பழக்குங்கள். முள் வைத்த கடிவாளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், 1965ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்கின்றன, ஆனாலும் சந்தைகளில் தொங்கத்தான் செய்கிறது.

வாய்க்குள் எதுவும் போகாமல் மூக்கின் மேல் அழுத்தி அடக்கும் ஹாக்கமோர் நல்லதுதான், ஆனால் அதுவும் தானாக மென்மை ஆகிவிடாது. நீண்ட கை உள்ளதை மூக்கில் கீழே இறக்கிக் கட்டினால் குருத்தெலும்பு அழுந்தி மூச்சுக்கே இடைஞ்சல்.

அப்புறம் சித்திரை வெயிலில் வண்டிக்குள் கிடந்த கடிவாளத்தை எடுத்து அப்படியே வாயில் வைக்காதீர்கள், தண்ணீரில் முக்கிவிட்டு உங்கள் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஓடி வந்ததும் அதை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் லேசாகச் சிவப்பு தெரிந்தாலும் அந்த வாரம் ஹால்டரோடு, அதாவது கடிவாளமில்லாத தலைக்கயிற்றோடு, நடை மட்டும்தான்.